மீன் பார்க்கப் போன சனிக்கிழமை

அத்தியாயம் பதினேழு

ஜெப்றி கையை உயர்த்தினால் சர்மினியின் இடது தோள் தானாக மேலே போகும். முகத்தை மறைக்கும். அவனை விட்டு வந்து மாதங்களாகிவிட்டன. தோளுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

அன்றும் அப்படித்தான் நடந்தது. அவன் கையை உயர்த்தியது மகளுக்கு ஒரு மீனைக் காட்டுவதற்கு.

"அங்க பாருங்க மகள், மேல. சிறக விரிச்சுக்கொண்டு வருது."

டிலக்சி இரும்பு ஸ்டூலில் ஏறி நின்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். சர்மினி தோளை மெல்லக் கீழே இறக்கினாள். ஜெப்றி அதைக் கவனித்துவிட்டான். கவனித்ததும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

சொனியா ஒரு பை தோடம்பழத்தோடு படியேறி வந்து அழுததும், சர்மினி கடைசியில் "சரி" என்று தலையாட்டியதும் போன வாரக் கதை. சொனியா ஜெப்றியின் அக்கா. சாகாமத்தில் நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிற ஜெப்றி, போன அறுவடைக் காலத்தில் ஒரு நாள் குடிவெறியில் வந்து சர்மினியின் மணிக்கட்டை முறுக்கி உடைத்தபோது, அவனுடைய ஆட்களில் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வந்தவள் கட்டிலருகே உட்கார்ந்து, சூப்பை ஆற்றி ஊட்டியும் விட்டாள்.

அதற்குப் பிறகு சர்மினி திருக்கோவில் வீட்டுக்குத் திரும்பவில்லை. மகளோடு கல்முனைக்கு வந்து துஷாந்தினி டீச்சர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். பஜாரில் ஒரு கடைக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாள். ஜெப்றி மீது வழக்கும் போட்டிருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை தவணை.

"அவன் குடிய விட்டிட்டான் சர்மினி," என்று சொனியா சொன்னாள். "புள்ளயக் கண்ணால பாக்கட்டும், வேறொண்டும் வேணா. எடத்த நீயே சொல்லு. நான் கூடவே நிப்பன். என்ட புள்ளையள் மேல சத்தியம்."

சர்மினிதான் இந்த இடத்தைச் சொன்னாள். கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த மீன் காட்சிச்சாலை. சனிக்கிழமை என்றால் நிந்தவூரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சனம் வரும். நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஜெப்றி எப்போதும் நல்லவன்.

அது வெள்ளைக்காரன் காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய பண்டகசாலை. சுவரெல்லாம் முழங்கை நீளத்துக்குத் தடிப்பு. சுனாமியன்று சுற்றி இருந்த வீடுகளெல்லாம் போக இது மட்டும் நின்றது. ஜெமீல் காக்கா குத்தகைக்கு எடுத்து, சன்னல்களை அடைத்து, உள்ளே இரண்டு வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகளை வைத்து, நீல வெளிச்சமும் போட்டிருந்தார். சனம் போக வர ஒரே வாசல்; பின்கதவு ஜெமீல் காக்காவுக்கு மட்டும். ஒரே வாசல் என்றால் மகள் எங்கும் போய்விட மாட்டாள் என்று சர்மினி கணக்குப் போட்டிருந்தாள்.

ஜெப்றி சொன்ன நேரத்துக்கு வந்தான். சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டுப் போட்டிருந்தான். வாயில் வாசம் இல்லை. டிலக்சி அவனைக் கண்டதும் சர்மினியின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பாவில் ஆசை இருக்காதா? சர்மினிக்கு அது நெஞ்சில் இடித்தது. 

"பாத்தியா," என்று சொனியா அவள் காதுக்குள் சொன்னாள். "அவன் மாறிட்டான்."

கடைசியில் இருந்த பெரிய தொட்டியில் ஒரு அஞ்சாளை மீன் கிடந்தது. பாம்பைப் போல நீளம், ஆள் கை மொத்தம். கல்லிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. ஜெமீல் காக்கா ஒரு கம்பியில் மீன் துண்டைக் குத்தித் தண்ணீருக்குள் விட்டார். அஞ்சாளை வந்த வேகம் யாருக்கும் தெரியவில்லை. கம்பி வளைந்தது. தண்ணீர் கலங்கி இரத்தம் நூலாகப் பரவியது.

பார்த்துக்கொண்டிருந்த நிந்தவூர்க் குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். டிலக்சி சர்மினியின் பாவாடைக்குள் முகத்தை ஒளித்தாள்.

"பயப்புடாதீங்க மகள்," என்றார் ஜெமீல் காக்கா. "கண்ணாடி நல்ல தடிப்பு. உள்ளுக்குக் கைய விட்டாத்தான் விரல் மிச்சம் இரிக்காது."

"காக்கா, இன்னொரு துண்டு போடுங்க," என்றான் ஜெப்றி. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "புள்ள வடிவாப் பாக்கல்ல. டிலக்சி, இஞ்ச வாங்க. கண்ணத் திறந்து பாருங்க."

"அவ பயப்புடுறா. விடுங்க," என்றாள் சர்மினி.

"நான் என்ட மகளோட கதைக்கிறன்."

அப்போதுதான் கரண்ட் போனது.

நீல வெளிச்சம் அணைந்தது. தொட்டிகளில் குமிழி விடுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வாசல் பக்கமிருந்து வந்த வெயில் வெளிச்சம் மட்டும் நடைபாதையில் நீளமாக விழுந்தது. கொஞ்ச நேரத்திலேயே உள்ளே புழுங்கத் தொடங்கியது. நிந்தவூர்க் குடும்பம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனது.

"நிக்கிறவங்க நில்லுங்க, போயிடாதீங்க," என்று ஜெமீல் காக்கா பின்பக்கம் ஓடினார். "ஜெனரேட்டரப் போட்டுட்டு வாறன். காத்து இல்லாட்டி மீனெல்லாம் மௌத்தாப் போயிடும்."

பின்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவர்கள் நாலு பேர் மட்டும்.

"நாமளும் வெளிய போவம்," என்றாள் சர்மினி.

"கொஞ்சம் நில்லு." ஜெப்றியின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "செவ்வாக்கிழமை கோட்டுக்குப் போறியா?"

"ஓம்."

"வழக்க வாபஸ் வாங்கு."

"அதப் பத்திக் கதைக்க நான் வரல்ல. புள்ளயக் காட்டத்தான் வந்தன்."

"ஊரெல்லாம் கதைக்குது, சர்மினி. வயலுக்குள்ள மெசின இறக்கினா, வரம்புல நிக்கிறவன் கேக்கான், பொஞ்சாதி பொலிசுக்குப் போயிட்டாளாமே எண்டு."

"கைய உடைச்சது நீங்க. ஊர் உடைக்கல்ல."

சொல்லி முடிக்கும் முன்னே அவளுக்கு விளங்கிவிட்டது, இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று. ஆனால் ஜெப்றி அசையவில்லை. குனிந்து மகளின் தலையைத் தடவினான்.

"டிலக்சி, வெளிய வேன் நிக்குது. அப்பாவோட வீட்ட வாறீங்களா?"

"அம்மாவும் வாறாவா?"

"அம்மா பொறவு வருவா."

சர்மினி மகளின் கையை எட்டிப் பிடித்தாள். அவ்வளவுதான். அவள் தோள் மேலே போவதற்குள் அடி விழுந்துவிட்டது. கன்னத்தில் பட்டு, தலை பக்கவாட்டில் போய்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் மோதியது. காதுக்குள் மணி அடித்தது போல் ஒரு சத்தம். புருவத்துக்கு மேலே சூடாக ஏதோ வழிந்து கண்ணுக்குள் இறங்கியது.

அதே நேரம் பின்னால் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. தடித்த சுவர்களுக்குள் அந்தச் சத்தம் எதிரொலித்துக் கட்டடம் முழுவதையும் நிறைத்தது. அவள் கத்தியது கட்டடத்துக்கு வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

"அக்கா!" என்று ஜெப்றி கத்தினான். "புள்ளயத் தூக்கிக்கொண்டு போ!"

சொனியா டிலக்சியைத் தூக்கினாள். பிள்ளை கையையும் காலையும் உதறியது. சொனியா அதை இறுக்கி அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

போகட்டும், என்று சர்மினி நினைத்தாள். பிள்ளை இதைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

அவன் அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்தான். மறுபடி அடித்தான். இந்த முறை உள்ளங்கையால் அல்ல. அவள் வாய்க்குள் உப்புக் கரித்தது. ஒரு பல் ஆடியது. அவள் குனிந்து அவன் முழங்கையில் கடித்தாள். தோல் கிழியும் வரை விடவில்லை. அவன் ஊளையிட்டு அவளைச் சுவரோடு மோதினான். மோதிய பின் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான்.

"வாபஸ் வாங்குவியா? சொல்லு! வாங்குவியா?"

எப்படிச் சொல்ல? மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். உடைந்து பொருந்திய மணிக்கட்டில் பலமில்லை. முழங்காலால் உதைத்தாள். உதை எங்கோ பட்டது. அவன் இன்னும் நெருங்கி வந்து முழு உடம்பாலும் அழுத்தினான். அவன் முகம் மிக அருகில் இருந்தது. சவரம் செய்த கன்னம். கோயிலுக்குப் போகும்போது பூசுகிற அதே பவுடர் வாசம்.

நான் சாகப் போகிறேன், என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கால் மரத்துக்கொண்டு வந்தது.

வாசல் வெளிச்சத்தில் ஒரு உருவம் திரும்பி நிற்பது கண்ணோரத்தில் தெரிந்தது.

சொனியா பிள்ளையை இறக்கிவிட்டாள். திரும்பி நடந்து வந்தாள். "விடு தம்பி" என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. டிலக்சி ஏறி நின்று மீன் பார்த்த இரும்பு ஸ்டூலைக் காலில் பிடித்துத் தூக்கினாள்.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. பிடி தளர்ந்தது. ஜெப்றி திரும்பிப் பார்த்தான்.

"அக்கா?"

அவன் குரலில் கோபமே இல்லை. நம்ப முடியாத குரல். இரண்டாவது அடி தலையில் விழுந்தது.

அவன் பின்னால் தள்ளாடிப் போய் அஞ்சாளைத் தொட்டியில் முழுப் பாரத்தோடும் சாய்ந்தான். கண்ணாடி ஒரு கணம் தாங்கியது. பிறகு வெடித்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரே அலையாகக் கொட்டி மூவரையும் அடித்தது. சர்மினி நிலத்தில் இழுபட்டாள். கல்லும் மணலும் கண்ணாடியும் நடைபாதை முழுவதும் பாய்ந்தன.

தண்ணீர் வடிந்தபோது ஜெப்றி உடைந்த கண்ணாடி மேல் கிடந்தான். தொடையில் ஒரு துண்டு ஏறியிருந்தது. காற்சட்டை கறுத்துக்கொண்டு வந்தது. அவனுக்குப் பக்கத்தில் அஞ்சாளை சுருண்டு நிமிர்ந்து சீமெந்துத் தரையில் தன்னையே அடித்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்!"

ஜெமீல் காக்கா பின்வாசலில் நின்றார். மறு நிமிடம் ஒரு சாக்கை எடுத்து அஞ்சாளையின் மேல் போட்டு மூலைக்குத் தள்ளினார். பிறகு போனை எடுத்து அம்புலன்சுக்குக் கத்தினார்.

சொனியா கண்ணாடித் துண்டுகள் மேலேயே முழங்காலிட்டு இரண்டு கையாலும் அவன் தொடையை அமத்தினாள். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்துகொண்டே இருந்தது.

"தம்பி, கண்ண மூடாத. என்னப் பார். என்னப் பார் தம்பி."

ஜெப்றி அவளைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

"நீ அடிக்கல்ல," என்றான்.

"என்னடா?"

"அவள்தான் அடிச்சவள். பொலிசு கேட்டா அப்பிடித்தான் சொல்லணும். விளங்குதா?"

சர்மினிக்கு அது கேட்டது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்கப் பார்க்க, அந்தத் தொடையிலிருந்து வருவதெல்லாம் வந்து முடியட்டும் என்று ஒரு ஆசை உள்ளே எழும்பியது. அது ஆசைதான், அதற்கு வேறு பெயர் இல்லை. வாசலில் டிலக்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். சர்மினி கழுத்திலிருந்த சால்வையை உருவிச் சொனியாவிடம் எறிந்தாள்.

"இறுக்கிக் கட்டுங்க மச்சாள்," என்றாள். குரல் கரகரத்து வந்தது. அவனைத் தொடப் போகவில்லை. மகளிடம் போனாள்.

*

ஆஸ்பத்திரியில் சர்மினியின் புருவத்துக்குத் தையல் போட்டார்கள். கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்தது. டிலக்சி மடியில் சுருண்டு கிடந்தாள்.

"அப்பா செத்துப் போவாரா?"

"இல்ல மகள். தையல் போடுறாங்க."

"சொனியா மாமிய பொலிசு அடிப்பாங்களா?"

சர்மினி மகளை இன்னும் இறுக்கி அணைத்தாள்.

பகல் சரியும் நேரத்தில் பொலிஸ் சார்ஜன் கேதீஸ்வரன் வந்தார். வயிறு வைத்த மனிதர். முதலில் உள்ளே போய் ஜெப்றியோடு கதைத்துவிட்டு வந்தார். நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். சொனியாவின் நகங்களுக்குள் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"உங்கட தம்பி சொல்றார், பொஞ்சாதி ஸ்டூலால அடிச்சதாம் எண்டு. நீங்க பாத்தீங்களாம்."

சொனியா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெப்றி கிடந்த அறையின் கதவு அரைவாசி திறந்திருந்தது. அங்கே பேசினால் இங்கே கேட்கும்; இங்கே பேசினால் அங்கேயும் கேட்கும்.

"நான்தான் சேர் அடிச்சன்."

"நீங்களா?"

"ஓம். ரெண்டு தரம்."

"சொந்தத் தம்பிக்கு ஏன் அடிச்சீங்க?"

அவள் சர்மினியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"இவள்ட சத்தம் நிண்டிட்டு சேர். சத்தம் கேட்ட வரைக்கும் நான் போய்க்கொண்டுதான் இருந்தன். சத்தம் நிண்ட பொறவு போக ஏலாமப் போச்சு."

"அக்கா!" உள்ளேயிருந்து ஜெப்றி கத்தினான். "அக்கா பொய் சொல்றா சேர்! பயத்துல சொல்றா!"

சொனியா கதவுப் பக்கம் திரும்பவில்லை. கண்களிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

சார்ஜன் சர்மினியிடம் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க தங்கச்சி?"

"அவ அடிக்காட்டி நான் இப்ப உங்களோட கதைக்க இரிக்க மாட்டன்," என்றாள் சர்மினி. சால்வை இல்லாத கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

சார்ஜன் அந்தக் கழுத்தைப் பார்த்தார். ஜெப்றியின் கட்டிலருகே ஒரு பொலிஸ்காரரை நிற்க வைத்தார். "எண்டாலும் மண்டையில காயம் பட்டிரிக்கு. ஸ்டேசனுக்கு வந்து வாக்குமூலம் குடுக்கணும்," என்று சொனியாவிடம் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை.

சொனியா எழுந்தாள். தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றிச் சர்மினியிடம் நீட்டினாள்.

"இத வச்சிரு. அங்க என்ன நடக்கும் எண்டு தெரியா."

"மச்சாள்..."

"புள்ளைக்குச் சாப்பாடு குடு. காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல."

சர்மினி அவள் கையைப் பிடித்தாள்.   சொனியா கையை உருவிக்கொண்டு சார்ஜனின் பின்னால் நடந்தாள்.

அவள் முதுகு நடைபாதைத் திருப்பத்தில் மறையவும் பைக்குள் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. சர்மினி பையைத் திறந்து எடுத்தாள். திரையில் 'அம்மா' என்று இருந்தது. செசிலி மாமி. ஜெப்றியின் தாய். மகன் இப்படிக் கிடப்பது அந்த மனிசிக்கு இன்னும் தெரியாது. யாராவது சொல்லத்தான் வேண்டும்.

சர்மினி பச்சையை அழுத்தினாள். ஹலோ சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. அதற்குள் மாமியின் குரல் வந்துவிட்டது.

"சொனியா! எங்க புள்ள நிக்கிறீங்க? ஏன் போன எடுக்கிறாய் இல்ல? புள்ளய வேனுல ஏத்தியாச்சா? நீ சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சு வச்சிரிக்கன். உடுப்பு வாங்கிட்டன். பள்ளிக்கூடச் சப்பாத்தும் நீ சொன்ன அளவுல வாங்கிட்டன். திங்கக்கிழமையே இஞ்ச பள்ளிக்கூடத்துல சேத்திட்டா அவள் கோட்டுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போறாள்? சொனியா? கேக்குதா?"

சர்மினி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

தோடம்பழப் பை. பிள்ளைகள் மேல் சத்தியம். வாசலை நோக்கி நடந்த அந்த நடை. பிள்ளை பார்க்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாளே, அந்த நேரத்தில் சொனியா எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

டிலக்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தலை சுற்றியது. நடைபாதையைத் தாண்டி முன்வாசலுக்கு வந்தாள்.

ஜீப் இன்னும் புறப்படவில்லை. பின் சீட்டில் சொனியா இருந்தாள். சர்மினியின் காதில் இருந்த போனைக் கண்டாள். அது தன்னுடைய போன் என்று கண்டாள். அவளுடைய முகத்திலிருந்து எல்லாம் வடிந்தது.  தலையைக் குனிந்தாள்.

"சொனியா? சொனியா?" என்று போனுக்குள் மாமி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சார்ஜன் கேதீஸ்வரன் ஜீப் கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி? இன்னும் ஏதும் சொல்ல இரிக்கா?"

தோளில் மகளின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. சர்மினி எச்சிலை விழுங்கினாள். நொந்தது.

"ஓம் சேர்," என்றாள். "இரிக்கு."